வெற்றிச்செல்வனின் எக்ஸ்டென்ஷன்களும் பாறைப்புளியின் மேற்குக் கிளையும்

வெற்றிச்செல்வன் என்ன வேலை செய்கிறான் என்று ஊரில் யாராவது கேட்டால், கேட்டவருக்குப் புரியாத ஒரு பதிலைச் சொல்வான். புரிந்துவிட்டால் மதிப்புப் போய்விடும் என்பது அவன் எண்ணம். காவலூருக்கு மேலே, தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிறது அவன் ஊர். அங்கே இன்ஜினியரிங் படித்த முதல் ஆள் அவன்தான். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை. ஆகவே அவன் சொல்வது சரியா தப்பா என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. அந்த வசதியை அவன் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

அப்பா சின்னதம்பி சாமையும் கொள்ளும் போடுகிறவர். மகனை ஆலங்காயத்தில் தங்கவைத்து, வாணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கவைத்தார். நிரல் எழுதுவது கடினம், நிரல் எழுதுகிறவன் மாதிரித் தெரிவது எளிது என்பதை வெற்றிச்செல்வன் அங்கே முதல் வருடத்திலேயே கண்டுபிடித்தான். காதை மூடும் பெரிய ஹெட்போன், லேப்டாப்பின் முதுகு தெரியாமல் ஒட்டிய ஸ்டிக்கர்கள், கறுப்புத் திரை. இவ்வளவுதான் அவன் படிப்பில் தேறியது. திரை ஏன் கறுப்பாக இருக்கிறது என்று ஊரில் கேட்டபோது, "காவலூர்ல டெலஸ்கோப்பு வெச்சிகீறாங்க இல்ல, நம்ம பக்கம் வெளிச்சம் ஜாஸ்தியாவக் கூடாது" என்றான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தெருவிளக்குக்கே மூடி போட்டிருக்கும் பகுதி அது. லேப்டாப்புக்கும் ஏதோ உத்தரவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நிரல் எழுதுகிறவர்கள் அதற்கென்று ஒரு மென்பொருளைத் திறந்து அதில்தான் எழுதுவார்கள். அதற்கு எடிட்டர் என்று பெயர். அந்த எடிட்டரோடு, வேண்டியபோது சேர்த்து, வேண்டாதபோது எடுத்துவிடக்கூடிய சின்னச் சின்ன உபரிகள் இணையத்தில் கிடைக்கும். அவைதான் எக்ஸ்டென்ஷன்கள். இவற்றில் உருப்படியானவை உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. எழுதும்போதே பிழைக்கு அடியில் கோடு போட்டுக் காட்டுவது ஒன்று. எந்த அடைப்புக்குறி எதோடு சேரும் என்று நிறத்தால் காட்டுவது ஒன்று. எந்த வரியை யார் மாற்றினார்கள் என்று காட்டுவது இன்னொன்று. தாறுமாறாக எழுதியதைச் சேமிக்கும்போது ஒழுங்குபடுத்தித் தருவதும் உண்டு. வேலை தெரிந்தவன் இப்படி நாலைந்தோடு நிறுத்திக்கொள்வான். ஒவ்வொன்றும் என்ன செய்யும், எதைத் தொடும் என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பான்.

வெற்றிச்செல்வன் படித்துப் பார்க்கிற ஆள் இல்லை. அவன் எடிட்டரில் எழுத்து விழும்போதெல்லாம் தீப்பொறி பறந்தது. திரையின் அடியில் ஒரு சின்ன நாய்க்குட்டி இங்கும் அங்கும் நடந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வண்ணப் படம். ஓய்வெடுக்கச் சொல்லி மணி அடிக்க ஒன்று. காலையில் திறந்ததும் தன்னம்பிக்கை வாசகம் சொல்ல ஒன்று. ஒழுங்குபடுத்துவதற்கு மட்டும் ஒன்றோடொன்று சண்டை போடும் எக்ஸ்டென்ஷன்கள் பல. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் மாதிரி அடுக்கி வைத்திருந்தானே தவிர, உட்கார ஒரு விருந்தாளியும் வரவில்லை. எழுதிய நிரல் என்று காட்ட அவனிடம் ஒன்றும் இல்லை.

பெங்களூரில் ஒரு கம்பெனி அவனை எடுத்தது. எடுத்தவர்கள் ஸ்டிக்கர்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சிறிய பிழையைத் திருத்தும்படி கொடுத்தார்கள். அவன் முதலில் எடிட்டரைத் தயார்செய்கிறேன் என்றான். தயார்செய்துகொண்டே இருந்தான். பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கெல்லாம் என்னென்ன எக்ஸ்டென்ஷன் போட வேண்டும் என்று வகுப்பு எடுத்தான். கடைசியில் அந்தப் பிழையை வேறொருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் திருத்திவிட்டார். வெற்றிச்செல்வன் ஊருக்குத் திரும்பி, "ஒர்க் ஃப்ரம் ஹோம்" என்று அறிவித்தான். ஹோம் இருந்தது. ஒர்க்கை யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் இருந்தபடி அவன் செய்தது வீடியோ. 'புரோகிராமருக்கு அவசியமான எக்ஸ்டென்ஷன்கள்', 'இது இல்லாமல் கோடிங் பண்ணாதீர்கள்' என்றெல்லாம் தலைப்பு வைத்து, சாமைக் கதிர் உலரும் களத்துக்குப் பின்னால் சிக்னல் கிடைக்கும் பாறையில் உட்கார்ந்து ஏற்றுவான். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அவனோடு படித்தவர்கள். அவர்களும் பாதியில் போய்விடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அம்சவல்லி அவனைத் தேடி வந்தாள்.

அம்சவல்லி மலைப் பெண்கள் குழுவின் செயலாளர். ஊர்ப் புளியையும் சாமையையும் குழுவே வாங்கி, சுத்தம் செய்து, கீழே வாணியம்பாடிக்கு அனுப்பும். புளி உலுக்கும் மாசி மாதத்தில் எந்த மரம் யாருடையது என்று கொட்டகையில் தினமும் வாய்ச்சண்டை. அந்த ஊரில் மண் ஒருவருக்கு, அதன்மேல் நிற்கும் புளியமரம் இன்னொருவருக்கு என்று இருக்கும். மரத்தையும் கிளை கிளையாகப் பிரித்திருப்பார்கள். கிழக்குக் கிளை அண்ணனுக்கு, மேற்குக் கிளை தம்பிக்கு, உச்சி கோயிலுக்கு என்று பாட்டன் காலத்தில் வாயால் சொன்னதுதான் பத்திரம். ஒவ்வொருவரும் தன் கிளைக்கு அடியில் நின்று தன் பெயரைச் சொன்ன பிறகுதான் உலுக்குவார்கள். இனிமேல் இதை எழுத்தில் வைத்து, கிளைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுப்பது, சீட்டு இருந்தால்தான் எடை போடுவது என்று குழு முடிவு செய்திருந்தது. கம்ப்யூட்டரில் எழுதும் அந்த வேலையைத்தான் அம்சவல்லி அவனிடம் கொடுத்தாள்.

இந்த முடிவுக்காக மற்ற எல்லாரையும்விட அதிகம் காத்திருந்தவள் பாஞ்சாலி. புருஷன் போன பிறகு அவள் பிறந்த வீட்டுக்கு வந்தவள். அவளுடைய அப்பா சாவதற்கு முன்னால் ஊரைக் கூட்டி, பாறைக்குப் பக்கத்தில் நிற்கிற பாறைப்புளியின் மேற்குக் கிளை அவளுக்கு என்று சொன்னார். கிழக்குக் கிளை அண்ணன் ராஜேந்திரனுக்கு. அன்று சரி என்றவன் பிறகு, "கட்டிக்குடுத்த பொண்ணுக்கு மரத்துல இன்னா பங்கு" என்று பேச ஆரம்பித்தான். அப்பா சொன்னதைக் கேட்ட பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலிக்கு நிலம் இல்லை. அந்தக் கிளை ஒன்றுதான் அவளுடையது. குழுவின் சீட்டில் அது ஏறிவிட்டால் அண்ணன் வாயை மூடுவான்.

அவளே வெற்றிச்செல்வன் வீட்டுக்கு வந்து சொன்னாள். "தம்பி, பாறைப்புளி மேக்குக் கிளை. பாஞ்சாலி. சரியா எழுதிக்கினியா?"

"எழுதியாச்சு அத்தே. கம்ப்யூட்டர்ல ஏறிட்சுன்னா எவனும் அழிக்க முடியாது" என்றான் வெற்றிச்செல்வன்.

எழுதவும் செய்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்சவல்லி ஒவ்வொரு மரமாகச் சொல்லச் சொல்ல, தீப்பொறி பறக்கப் பறக்கத் தட்டினான். ஒரு வரியில் முதலில் மரத்தின் பெயர், அடுத்து ஆளின் பெயர், கடைசியில் கிளை. பாறைப்புளிக்கு இரண்டு வரி வந்தது. ராஜேந்திரன், பாஞ்சாலி. இப்படிப் பங்கு பிரிந்த மரங்களுக்கெல்லாம் அடுத்தடுத்த வரிகளில் ஒரே மரப்பெயர் திரும்ப வந்தது. திரும்ப வந்த இடங்களில் மஞ்சள் கோடு நெளிந்தது. கோடு அவனுக்கு அவமானமாகப் பட்டது. அவன் வீடியோக்களில் கோடு இருக்காது. பிழைகளைத் தானே சரிசெய்யும் எக்ஸ்டென்ஷன்களை இன்னும் சில இறக்கி, சேமிக்கும்போதே எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று அமைத்துவிட்டுச் சேமித்தான்.

ஒரு கண்ணசைவில் வரிகள் மரப்பெயரின் அகர வரிசையில் அணிவகுத்தன. மஞ்சள் கோடு ஒன்றுகூட இல்லை. ஒரு மரத்துக்கு அவன் முதலில் தட்டிய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அதே மரத்தின் அடுத்த பெயரைக் குப்பை என்று நினைத்து நீக்கியிருந்தது அந்த எக்ஸ்டென்ஷன்களில் ஒன்று. பட்டியல் குட்டையாகிவிட்டதைக் கண்ணுள்ளவன் பார்த்திருப்பான். வெற்றிச்செல்வன் கோடு போனதை மட்டும் பார்த்தான். உடனே பாறைக்கு ஓடி, 'ஒரே சேவில் உங்கள் டேட்டா சுத்தம்' என்று ஒரு வீடியோ ஏற்றினான்.

அச்சடிப்பதற்கு முன்னால் அம்சவல்லி கேட்டாள். "ஒருதரம் எல்லா பேரையும் படிச்சுக் காட்டிடு தம்பி."

"இன்னாக்கா, கம்ப்யூட்டரையே படிச்சுக் காட்டச் சொல்றீங்க. தப்பு இருந்தா கோடு வரும். கோடு கீதா பாருங்க."

அம்சவல்லி பார்த்தாள். கோடு இல்லை. நாய்க்குட்டி நடந்துகொண்டிருந்தது.

சீட்டுக் கொடுக்கிற அன்று ஊரே எடைக் கொட்டகையில் கூடியது. கொட்டகை பாறைப்புளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அம்சவல்லி பெயர் பெயராகக் கூப்பிட்டாள். பாறைப்புளி என்றதும் ராஜேந்திரன் போய் வாங்கிக்கொண்டான். அடுத்து வேறு மரம் வந்தது. பாஞ்சாலி எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள்.

"எனுக்கு?"

அம்சவல்லி சீட்டுகளைப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள். "தம்பி, பாறைப்புளியில இன்னொரு சீட்டு எங்க?"

வெற்றிச்செல்வன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். திரையைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் வியர்த்தது. ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை. "அது டூப்ளிகேட்டா இருந்திருக்கும்க்கா. ஒரே மரம் ரெண்டுவாட்டி வந்துச்சுன்னா சிஸ்டம் க்ளீன் பண்ணிடும்."

"நான் டூப்ளிகேட்டாடா?" என்றாள் பாஞ்சாலி.

ராஜேந்திரன் சீட்டை எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தான். "நான் சொன்னா பொய்யின்னீங்க. இப்ப மெஷினே சொல்லிட்சு. மரம் ஒண்ணு, ஆளு ஒண்ணு. ஏணியை எடுங்கடா, உலுக்கலாம்."

ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் ஊர்க்கவுண்டர் சுப்பிரமணி அதுவரை வெற்றிலையோடு ஓரமாக இருந்தவர், கையைக் காட்டினார். "இரு ராஜேந்திரா. உங்கப்பன் சொன்னதுக்கு நானும் சாட்சி. ஆனா சீட்டு இல்லாம எடை இல்லன்னு இவங்க முடிவு பண்ணிகீறாங்க. எழுதினவன் திருத்தட்டும். தம்பி, அந்தப் பொண்ணு பேரைப் போடு."

"ரெண்டு நிமிஷம்ங்க" என்று வெற்றிச்செல்வன் உட்கார்ந்தான். ஊர் அவன் முதுகுக்குப் பின்னால் கூடியது. பாறைப்புளி, பாஞ்சாலி, மேற்கு என்று தட்டினான். தீப்பொறி பறந்தது. சேமித்தான். பெயர் மறைந்தது.

திரும்பத் தட்டினான். சேமித்தான். மறைந்தது.

இந்த முறை எழுத்துகளை அழுத்தி அழுத்தித் தட்டினான். அழுத்தித் தட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தானோ என்னவோ. அதுவும் மறைந்தது. கூட்டத்தில் ஒருவர் "அட, முழுங்குது பாரு" என்றார். பாஞ்சாலி திரைக்கு அருகில் குனிந்து, அடியில் நடந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்த நாய்தாண்டா என் பேரைத் தின்னுது."

"அது சும்மா அத்தே. அழகுக்கு."

"அழகுக்கு வளக்குற நாய் தின்னாதா? எடு மொதல்ல."

வெற்றிச்செல்வன் நாய்க்குட்டியை எடுத்தான். அவன் வீடியோக்களில் எல்லாரும் பாராட்டியது அது ஒன்றைத்தான். பெயரைத் தட்டிச் சேமித்தான். மறைந்தது. "நாய் மேல தப்பில்ல" என்று யாரோ தீர்ப்புச் சொல்ல, கொட்டகை சிரித்தது.

ராஜேந்திரன் குனிந்து அவன் காதோரம், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "இன்னாத்துக்குடா பேஜாரு? அது ஏத்துக்கமாட்டேங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுந்துரு. உன் மானமும் நிக்கும்."

வெற்றிச்செல்வனுக்கு அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. பாஞ்சாலியின் கிளையும் தன் மானமும் எதிரெதிரே வந்தபோது, எது பெரிது என்று யோசிக்க அவனுக்கு நேரமே ஆகவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சிஸ்டம் அக்செப்ட் பண்ணலைங்க. ஒரு மரத்துக்கு ஒரு ஓனர்தான். அதான் ஸ்டாண்டர்டு" என்றான்.

அம்சவல்லிதான் பேசினாள்.

"உங்க வூட்டு இரட்டைப்புளியில உங்கப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பங்கு கீது. அதுல இப்ப யாரு பேரு நிக்குது, பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான். முதலில் தட்டியிருந்த சித்தப்பா பெயர் மட்டும் நின்றது. சின்னதம்பி இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த சின்னதம்பி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராஜேந்திரனுக்குப் பின்னால் நின்ற இன்னும் சிலர், "என் பேரு கீதா பாரு", "எங்கண்ணன் சீட்டு மட்டும்தான் வந்துச்சு" என்று நெருக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருந்ததால் அதுவரை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

"இப்ப சொல்லு. எது ஸ்டாண்டர்டு?" என்றாள் அம்சவல்லி.

"அது ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் பண்ணுதுக்கா."

"எது?"

வெற்றிச்செல்வனுக்குத் தெரியவில்லை. அவசியம், அவசியம் என்று ஊருக்கு உபதேசம் செய்த பொருள்களில் எது என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. பட்டியலைத் திறந்தான். அது கீழே போய்க்கொண்டே இருந்தது.

"எல்லாத்தையும் எடு" என்றாள்.

"எடுத்தா எடிட்டர் நல்லா இருக்காதுக்கா."

"யாருக்கு நல்லா இருக்கணும்?"

ஒவ்வொன்றாக எடுத்தான். தீப்பொறி நின்றது. சேமித்தான், பெயர் போனது. வண்ணப் படங்கள் போயின. பெயரும் போனது. மணி போனது, வாசகம் போனது, நிறநிறமான அடைப்புக்குறிகள் சாயம் வெளுத்தன. ஒவ்வொரு முறையும் பாஞ்சாலி தன் பெயர் வருவதையும் போவதையும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த வரியின் வடிவம் அதற்குள் அவளுக்குப் பழகிவிட்டது. அவன் சேமிப்பதற்கு முன்பே "போச்சு" என்பாள். போகும்.

சுப்பிரமணிக்குப் பொறுமை போயிற்று. "மொத்தமா வாரிப் போட வழி இல்லையாடா?"

இருந்தது. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நிறுத்தும் வசதி அந்தப் பட்டியலின் தலையிலேயே இருந்தது. அத்தனை வீடியோ போட்டவன் அதை அன்றுதான் பார்த்தான். அழுத்தினான். மீதி இருந்ததெல்லாம் ஒரேயடியாக விழுந்தது. வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து. பள்ளிக்கூடத்தில் முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்ட அன்று பார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு. கூட்டத்துக்கு நடுவே சட்டையைக் கழற்றியதுபோல் கூசினான்.

பாறைப்புளி, பாஞ்சாலி, மேற்கு. சேமித்தான்.

பாஞ்சாலி "போச்சு" என்று வாயெடுத்தவள் நிறுத்தினாள். வரி நின்றது. அவள் இன்னும் கொஞ்சம் நேரம் அதையே பார்த்தாள். "இன்னொருதரம் அமுக்கு" என்றாள். அமுக்கினான். நின்றது.

"இப்ப படி" என்றாள் அம்சவல்லி.

அவன் படித்தான். முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை, விட்டுப்போன பெயர்களை அவரவர் சொல்லச் சொல்லச் சேர்த்து, சேர்த்ததைத் திரும்பப் படித்து, தலையை நிமிர்த்தாமல் படித்தான். பாதியில் தண்ணீர் கேட்டான். யாரும் எழுந்து போகவில்லை. சின்னதம்பிதான் கொண்டுவந்து வைத்தார்.

சீட்டுகள் திரும்ப அச்சாயின. ராஜேந்திரனின் பழைய சீட்டை சுப்பிரமணி கேட்டு வாங்கிக் கிழித்து, கிழக்குக் கிளை என்று போட்ட புதியதைக் கையில் வைத்தார். ராஜேந்திரன், "மெஷினை நம்பி ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றான். அந்த ஒரு விஷயத்தில் அன்று ஊர் அவனோடு ஒத்துப்போனது. பாஞ்சாலி தன் சீட்டை அம்சவல்லியிடம் நீட்டி, "சத்தமாப் படி" என்றாள். அம்சவல்லி படித்தாள். பாஞ்சாலி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, புடவையைத் தூக்கிக் கட்டி, நீளக் கழியோடு மேற்குக் கிளைக்கு அடியில் போய் நின்றாள். தன் பெயரைச் சொன்னாள். சொன்னது கொட்டகையைத் தாண்டிக் கேட்டது. ராஜேந்திரனும் தன் பக்கம் போய்த் தன் பெயரை முணுமுணுத்தான். பிறகு புளி விழுந்தது.

அன்று மாலையே வெற்றிச்செல்வன் எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் திரும்ப இயக்கிவிட்டான். பெயர்களைத் தின்றது அவற்றில் எது என்று தேடவில்லை. ஆலங்காயத்தில் பழைய நண்பர்களிடம், ஒரு சிக்கலான 'பக்'கை நேரடியாகக் களத்தில் தீர்த்ததாகச் சொன்னான். நம்பினார்களா என்று தெரியவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

புளிக்காலம் முடிகிற சமயத்தில் அவன் எடைக் கொட்டகைக்கு வந்தான். பாஞ்சாலி தன் கடைசி மூட்டையைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவன் அம்சவல்லியின் பக்கத்தில் போய் நின்று, "அக்கா, சாமைக்கும் ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்துடட்டுமா? சாமையில கிளையெல்லாம் கிடையாது. தப்பு வரவே வராது" என்றான்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி நினைத்துத்தான் சொன்னான்.

அம்சவல்லி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தராசு முள்ளைப் பார்த்தாள்.

"வேணாம் தம்பி. சாமையை நாங்களே பாத்துக்குறோம்" என்றாள். "நீ கொஞ்சம் தள்ளி நில்லு. உன் கால் தராசுல படுது."